மூச்சு வாங்காத ஹேமாவதி

நகரத்துக்கு வடக்கே, அனல் மின் நிலையத்துப் புகைபோக்கியின் நிழல் சாயங்காலமானால் வந்து விழுகிற மஞ்சள்மேடு வாரியக் குடியிருப்பில், நாற்பத்து மூன்றாம் பிளாக்கில், ஐந்தாவது மாடியில் குடியிருந்த டில்லிராணியின் மகள் ஹேமாவதி, ஒரு ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, அம்மன் கோயிலில் கூழ் ஊற்றிய அன்று, மைக்கைப் பிடித்து இருபத்திரண்டு நிமிடம் ஒரே மூச்சில் ராப் பாடினாள். ஒரே மூச்சு என்றால் பேச்சுக்குச் சொல்கிற ஒரே மூச்சு இல்லை. நிஜமாகவே நடுவில் ஒரு தடவைகூட அவள் மூச்சை உள்ளே இழுக்கவில்லை.

அவளை யாரும் பாடக் கூப்பிடவில்லை. கச்சேரிக்காரர்களின் வேன் பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்டது, கூழ் குடித்த கூட்டம் கையைக் கழுவிக்கொண்டு கலைய ஆரம்பித்தது, மைக் செட் கஜேந்திரன் யாராவது வந்து எதையாவது பேசுங்களப்பா என்று கெஞ்சினார், ஹேமா மேலே ஏறிவிட்டாள். பத்தொன்பது வயது, செல்போன் ரீசார்ஜ் கடையில் வேலை, கடைக்கு வருகிறவர்களின் போனில் பாட்டு ஏற்றிக் கொடுத்துக் கொடுத்தே ராப் என்றால் என்ன, பீட் என்றால் என்ன என்று கற்றுக்கொண்டவள். வீட்டில் பாடினால் பக்கத்து வீட்டில் சுவரைத் தட்டுவார்கள் என்று, கட்டிய நாளிலிருந்து ஓடாத லிஃப்டுக்குள் நின்று பாடிப் பழகியவள். அந்த லிஃப்டு அரைக் கதவு திறந்தபடி தரைத்தளத்திலேயே நிற்கும், குரல் உள்ளே நன்றாகக் கேட்கும், அதற்கு வேறு உபயோகம் கிடையாது.

கொடிக்கயித்துல வெள்ளச் சட்ட, எடுக்கும்போது சாம்பச் சட்ட, லிஃப்டு இருக்கு பேச்சுக்கு, ஏழு மாடி மூச்சுக்கு, லாரித் தண்ணி அரைக் கொடம், மீதிக் கொடம் வாய்ச் சண்ட என்று அவள் ஆரம்பித்ததும், கிளம்பிய கூட்டம் நின்றது. தங்கள் சட்டையையும் குடத்தையும் சண்டையையும் மைக்கில் கேட்கிற சுகம் லேசுப்பட்டதா? சிரித்தார்கள், விசிலடித்தார்கள், வேன் வந்து சேர்ந்த பிறகும் அவளை இறங்க விடவில்லை. கடைசியில் அவள் இறங்கி வந்தபோது கஜேந்திரன் ஒயரைச் சுருட்டிக்கொண்டே, கரண்டு போய் வந்ததைச் சொல்கிற மாதிரி சாதாரணமாக டில்லிராணியிடம் சொன்னார். "முப்பது வருசமா மைக்ல ஜனங்க மூச்சுச் சத்தத்தக் கேட்டுக்கினு கீறேன். உம் பொண்ணு ஒரு வாட்டிகூட வாங்கல."

டில்லிராணி இறால் உரிக்கிற ஷெட்டில் வேலை பார்க்கிறவள். ஆற்றோரக் குடிசையிலிருந்து லாரியில் ஏற்றி இங்கே கொண்டுவந்து இறக்கியபோது ஹேமாவுக்கு ஆறு வயது. புருஷன் நெல்லூர்ப் பக்கம் லாரியில் போனவன் அங்கேயே இன்னொரு குடும்பமாகிவிட்டான். அதிலிருந்து டில்லிராணிக்கு எதைப் பார்த்தாலும், இது எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தது, பின்னால் என்ன கேட்பார்கள் என்று யோசிக்கிற பழக்கம். இலவசமாக வந்த கிரைண்டரையே ஒரு மாதம் போடாமல் வைத்திருந்தவள். கஜேந்திரன் சொன்னதைக் கேட்டதும் அவளுக்கு அதிசயமாக இல்லை, பெருமையாகவும் இல்லை. ஒரு ஆள் பாடுவதற்கு மூச்சு வேண்டும், அவள் வாங்கவில்லை என்றால் அது வேறு எங்கிருந்தோ வருகிறது, எங்கிருந்து என்றுதான் அவள் நினைத்தாள். நினைத்ததை வெளியே சொல்லவில்லை.

யாரோ எடுத்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. முதலில் ஆயிரம் பேர், பிறகு லட்சம் பேர், பிறகு எண்ணுவதை விட்டுவிட்டார்கள். கல்லூரி விழாக்களுக்குக் கூப்பிட்டார்கள், ஒரு துணிக்கடைத் திறப்புக்குக் கூப்பிட்டார்கள், ஆட்டோக்களின் பின்கண்ணாடியில் 'ஹேமா 43' என்று ஸ்டிக்கர் வந்தது. மூச்சு வாங்காததைப் பற்றி மஞ்சள்மேட்டில் ஒருத்தரும் மலைத்துப் போகவில்லை. அறுபத்தொன்றாம் பிளாக்கில் ஒருத்தருக்கு ஆறு விரல், முப்பதாம் பிளாக்கில் ஒரு அம்மாளுக்குத் தூக்கமே கிடையாது, இது நாற்பத்து மூன்றாம் பிளாக்குக்கு வந்தது, அவ்வளவுதான். வெளியூர்க்காரர்கள் கேட்டால் மார்பைத் தட்டிக்கொண்டு எங்கள் பிளாக் பொண்ணு என்றார்கள்.

எல்லாம் ஐப்பசி வரைக்கும்தான். ஐப்பசியில் காற்று திரும்பியது. வருஷா வருஷம் திரும்புகிற காற்றுதான், வருஷா வருஷம் சாம்பலைக் கொண்டுவந்து ஜன்னல் விளிம்பிலும் சோற்றுத் தட்டிலும் போடுகிற காற்றுதான், வருஷா வருஷம் பிளாக்குக்குப் பத்துப் பேர் இழுப்பு வந்து ஆஸ்பத்திரியில் மூக்கில் புகை வைத்துக்கொள்வார்கள். ஆனால் மற்ற வருஷங்களில் அதற்குக் காரணம் என்று கைநீட்ட ஆள் கிடையாது. புகைபோக்கியைக் கைநீட்டி என்ன செய்வது, அது திரும்பிப் பார்க்காது. இந்த வருஷம் கைநீட்ட ஆள் இருந்தது, அதுவும் ஐந்தாவது மாடியிலேயே இருந்தது.

பக்கத்து வீட்டுக் கோட்டீஸ்வரிதான் முதலில் கணக்காகச் சொன்னவள். அவள் புருஷனுக்கு வீசிங். ஹேமா லிஃப்டுக்குள் பாடுகிற நேரமாகப் பார்த்து அவருக்கு இழுக்கிறது என்றாள். அவருக்கு எந்த நேரமும்தான் இழுத்தது, அதனால் அவள் சொன்னதில் பொய் இல்லை. ஒருத்தி சொன்னதை நாலு பேர் ஆமாம் என்றார்கள், நாலு பேர் சொன்னதை நாற்பது பேர் முன்னமேயே தெரியும் என்றார்கள். ஹேமா படியேறும் சத்தம் கேட்டால் கதவு சாத்தினார்கள், மாடி வளைவில் எதிரே வந்தால் முந்தானையால் மூக்கைப் பொத்தினார்கள், கொரோனா காலத்து மாஸ்க்குகளைப் பரணிலிருந்து இறக்கினார்கள், அவள் எதிரே கொட்டாவி விடக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தார்கள். பிறந்தநாளுக்கு மெழுகுவத்தியை ஊதாமல் விசிறியால் அணைத்தார்கள். சாவுக்குச் சங்கு ஊதுகிற சின்னப்பன், நாற்பத்து மூன்றாம் பிளாக்கைக் கடக்கும்போது மட்டும் சங்கை இடுப்பில் சொருகிக்கொண்டு சும்மா நடந்தார். ஆனால் ஸ்டிக்கரை ஒருத்தரும் கிழிக்கவில்லை. பெருமை பெருமையாகவும் பயம் பயமாகவும் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தின.

ஹேமா அதையும் பாட்டாக்கினாள். ஜன்னல் சாத்து, கதவு சாத்து, மூக்க மூடு வந்துட்டேன் என்ற அந்தப் பாட்டுதான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் ஓடியது. கார்த்திகையில் ஒரு கல்யாண ஊர்வலத்தில் அதைப் போட்டபோது மஞ்சள்மேட்டுக்காரர்கள் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இன்னொரு கையைத் தூக்கி ஆடினார்கள். பார்க்க அழகாக இருந்தது என்று வெளியூரில் அதையே ஸ்டெப்பாக ஆட ஆரம்பித்துவிட்டார்கள். சுகாதார நிலையத்து டாக்டரம்மா ஹேமாவின் மார்பில் குழாயை வைத்துப் பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னால் பெரிதாக ஏதோ இருக்கிறது என்று அர்த்தம் என்பது எல்லோருக்கும் தெரியும்.

டில்லிராணியின் சங்கதி வேறு. அவளுக்கும் அந்த மாதங்களில் மூச்சு முட்டியது. தண்ணீர்க் குடத்தோடு மூன்றாவது மாடி வந்ததும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், கீழே லிஃப்டுக்குள்ளிருந்து மகளின் குரல் நிற்காமல் ஏறி வரும், இவளுக்கு மார்பு உள்ளே ஒட்டிக்கொள்ளும். ஊர்க்காரர்கள் சத்தமாகச் சொன்னதை அவள் சத்தமில்லாமல் நம்பினாள். ஊர் எல்லோர் மூச்சையும் எடுக்கிறாள் என்றது. தாய் அப்படி நினைக்கவில்லை, என்னுடையதைத்தான் எடுக்கிறாள் என்று நினைத்தாள். மத்தியானம் மகள் தூங்கும்போது மூக்கருகில் விரலை வைத்துப் பார்த்தாள். தூக்கத்தில் எல்லோரையும் போலத்தான் மூச்சு வந்துபோனது. அதனால் அவளுடைய சந்தேகம் கூடியதே தவிர குறையவில்லை.

மார்கழியில் நகரத்துக்குள்ளிருந்து ஒரு பாட்டுக் கம்பெனி கூப்பிட்டது. நாலு பாட்டு, திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வந்துவிட வேண்டும். அந்தச் செய்தி மாடி இறங்குவதற்குள் குடியிருப்போர் சங்கம் கூடிவிட்டது. சங்கத் தலைவர் ஏகாம்பரம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், கெட்ட மனிதர் இல்லை, எதையும் தூக்கிப் பார்த்துத்தான் எடை சொல்வார். இங்கே ஒரு மைக்கில் பாடும்போதே இந்த இழுப்பு, நாளைக்கு உலகத்துக்கே பாடினால் நம் கதி என்ன என்று கோட்டீஸ்வரி கேட்டதற்கு அவர், தெரியாமல் ஒரு பெண்ணைச் சொல்லக் கூடாது, சோதித்துப் பார்த்துவிடலாம் என்றார்.

சோதனை அவர்களுக்குத் தெரிந்ததுதான். கிடையில் கிடக்கிறவர்களுக்கு உயிர் இருக்கிறதா என்று மூக்கில் பஞ்சு வைத்துப் பார்ப்பார்கள் இல்லையா, அதே பஞ்சு. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குப் பிளாக் ஜனம் முழுக்க மைதானத்தில் ஒருத்தருக்கொருத்தர் எதிராக இரண்டு வரிசையில் நிற்க வேண்டும், மேலுதட்டில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு, பொட்டுக்கு அடியில் மூக்குக்கு நேராக ஒரு இழை பஞ்சு. ஹேமா பாட வேண்டும். எதிரே நிற்கிறவரின் பஞ்சு ஆடுகிறதா என்று ஒவ்வொருத்தரும் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆடினால் அவள் பாட்டுக்கு ரெக்கார்டிங் போகலாம். ஆடவில்லை என்றால் அவள் இனிமேல் பாடக் கூடாது. மீறினால் அந்தக் குடும்பத்துக்கு இந்தக் குடியிருப்பில் வீடு வேண்டாம் என்று வாரியத்துக்கு எல்லோரும் கையெழுத்துப் போட்டு அனுப்புவது.

ஹேமா உடனே ஒத்துக்கொண்டாள். டில்லிராணிக்கு அது பிடிக்கவில்லை. இவர்கள் யார் சோதிப்பதற்கு என்று சோறு போடும்போது முணுமுணுத்தாள். ஹேமா தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள்.

"எனக்கும் தெரிஞ்சுக்கணும்மா. எங்கேர்ந்து வருதுன்னு எனக்கே தெரியல. ஊரு இன்னா வேணா சொல்லட்டும், அத பாட்டா பாடிட்டுப் போய்டுவேன். நீ அப்படி நெனைக்கிறியா?"

"சீ, போடி. துன்னு மொதல்ல" என்றாள் டில்லிராணி. ஹேமாவுக்கு அது போதும். தட்டை இழுத்துக்கொண்டு சாப்பிட்டாள், இரண்டாம் தடவை ரசம் ஊற்றிக்கொண்டாள். சிரித்துக்கொண்டே சாப்பிடுகிற மகளைப் பார்க்க டில்லிராணிக்கு வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மைதானம் ஒரு கோலமாகத்தான் இருந்தது. உயிரோடு இருக்கிறவர்கள் மூக்கில் பஞ்சு வைத்துக்கொள்வது அபசகுனம் என்று வயதானவர்கள் முகம் சுளித்தார்கள், அதனால் கோயில் விளக்குத் திரிக்கு வைத்திருந்த பஞ்சைக் கொண்டுவந்து சாமி பஞ்சு என்று கொடுத்தார்கள். மீசைக்காரர்களுக்குப் பொட்டு ஒட்டவில்லை. இரண்டு பேர் மீசையை எடுத்துவிட்டு வந்தார்கள், அவர்களை அவர்கள் பெண்டாட்டிகளே அடையாளம் கண்டுகொள்ளவில்லை. முன்னூறு பேர் மேலுதட்டில் சிவப்புப் பொட்டும் வெள்ளை இழையுமாக எதிரெதிரே நின்றபோது முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அடங்கியது. டில்லிராணிக்கு எதிரே கோட்டீஸ்வரி நின்றாள். வரிசையின் தலைமாட்டில் ஏகாம்பரம். கஜேந்திரன் மைக்கைத் தட்டிப் பார்த்துக் கொடுத்தார்.

ஹேமா ஆரம்பித்தாள். புதுப் பாட்டு, இதற்காகவே எழுதியது, ஏழு மாடியில் இருக்கிறவர்களின் பேரையெல்லாம் கோத்து எழுதியது. அதை யாரும் கேட்கவில்லை. எல்லோர் கண்ணும் எதிரே ஒரு இழைப் பஞ்சில் இருந்தது. டில்லிராணியின் காதில் முதல் வரி விழுந்த கணமே அவள் மூச்சு அடைத்துக்கொண்டது. யாரும் அடைக்கவில்லை, அவளேதான் அடைத்தாள். நெரிசலான பஸ்ஸில் யாரோ உரசிக்கொண்டு போனால் கை தானாக மணிபர்ஸுக்குப் போகிறது அல்லவா, அந்த மாதிரி. வாயை இறுக்கி, பல்லைக் கடித்து, இருக்கிற மூச்சை மார்புக்குள் பூட்டிக்கொண்டு நின்றாள். இருபது எண்ணுகிற நேரம், முப்பது எண்ணுகிற நேரம். கண்ணில் பூச்சி பறந்தது. எதிரே கோட்டீஸ்வரியின் பஞ்சும் அசையாமல் தொங்கியது, கோட்டீஸ்வரியின் முகம் கத்திரிக்காய் நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது. அப்போதுதான் டில்லிராணிக்குப் புரிந்தது. ஓரக்கண்ணால் வரிசையைப் பார்த்தாள். எல்லாக் கன்னமும் உப்பியிருந்தது, எல்லாக் கழுத்திலும் நரம்பு புடைத்திருந்தது. ஒரு பஞ்சும் ஆடவில்லை. முன்னூறு பேரும் தங்கள் மூச்சைத் திருட்டுக் கொடுக்காமல் காவல் காத்துக்கொண்டு நின்றார்கள்.

தலைவர் என்பதால் ஏகாம்பரம் மற்றவர்களைவிட அதிக நேரம் அடக்கியிருக்க வேண்டும். நின்ற வாக்கில் அப்படியே மல்லாந்து விழுந்தார். ஹேமா பாட்டை நிறுத்தினாள். நிறுத்தியதும் மைதானம் முழுக்க ஒரே சமயத்தில் மூச்சை இழுத்து விட்டது, முன்னூறு பஞ்சும் படபடத்தன. பாடும்போது மூச்சு இல்லை, நிறுத்தியதும் மூச்சு வந்துவிட்டது, இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? ஆளுக்கு ஆள் என் எதிரே நின்றவருக்கு ஆடவில்லை, என் எதிரே நின்றவருக்கு ஆடவில்லை என்றார்கள். எல்லோரும் எதிரே நின்றவரைப் பற்றித்தான் சொன்னார்கள், தன்னைப் பற்றி ஒருத்தரும் சொல்லவில்லை. ஏகாம்பரத்தின் முகத்தில் கோலி சோடாவைத் தெளித்தார்கள், அவர் கண்ணைத் திறந்து, ஆமாம், உருவிக்கொண்டு போய்விட்டது என்றார். அவரும் பொய் சொல்லவில்லை, அவருக்கு அப்படித்தான் தோன்றியது.

ஹேமா மைக்கைப் பிடித்தபடி வரிசைக்குள் நடந்து வந்தாள். கோட்டீஸ்வரிக்கு முன்னால் நின்றாள்.

"எங்கம்மாவுக்கு ஆடிச்சாக்கா?"

கோட்டீஸ்வரிக்குச் சொல்ல மனசில்லை. ஆனால் சாமி பஞ்சு ஆயிற்றே. "ஆடலமா" என்றாள்.

ஹேமாவின் முகம் விழுந்துவிட்டது. டில்லிராணி அவ்வளவு வருஷத்தில் மகளை அப்படிப் பார்த்ததில்லை. புருஷன் போன அன்றுகூட அந்தக் குழந்தை அப்படி இல்லை. ஹேமா மைக்கைக் கஜேந்திரனிடம் நீட்டிக்கொண்டே தணிந்த குரலில் சொன்னாள். "அப்போ நாளைக்கு நான் போகல. இனிமே பாடவும் மாட்டேன். எங்கம்மா மூச்ச எடுத்து எனக்கு இன்னா பாட்டு?"

டில்லிராணி பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு நின்றால் மகள் பாட்டை விட்டுவிடுவாள், அம்மா தன்னைச் சந்தேகப்படவில்லை என்கிற ஆறுதலோடு விட்டுவிடுவாள். வாயைத் திறந்தால் பாட்டு பிழைக்கும், அந்த ஆறுதல் போய்விடும். மைதானத்தில் எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பஞ்சு இழை அவள் உதட்டுப் பொட்டில் இன்னும் ஒட்டியிருந்தது. அதைப் பிய்த்துப் போட்டாள்.

"அவ எடுக்கல. நான்தான் அடக்கிக்கினு நின்னேன். எடுத்துடுவாளோன்னு பயந்துக்கினு அடக்கினேன். நீங்களும் அதத்தான் செஞ்சீங்க, எல்லாரும்."

ஒரு பெண் மூக்கைச் சிந்தினாள். கோட்டீஸ்வரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெற்றவள் அல்லவா, அப்படித்தான் சொல்வாள் என்றார்கள். மூச்சே போனாலும் பெண்ணைக் காட்டிக்கொடுக்க மாட்டாள் என்றார்கள். ஏகாம்பரம் சோடா பாட்டிலும் கையுமாக எழுந்து உட்கார்ந்து, இப்படி ஒரு தாய் இருக்கிற வீட்டை நாம் எழுதிக்கொடுத்துக் காலி செய்ய வைத்தால் அது பாவம், பெண் பாட வேண்டுமானால் ஊருக்குள் பாடாமல் வெளியே போய்ப் பாடட்டும் என்றார். எல்லோரும் சரி என்றார்கள், சிலர் டில்லிராணியின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த மைதானத்தில் அவள் சொன்னதை உண்மை என்று ஒருத்தரும் நம்பவில்லை. எந்த ஒருத்தி நம்பக் கூடாதோ அந்த ஒருத்தி மட்டும் நம்பினாள்.

ஹேமா அம்மாவைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தவள், தண்ணீரில் தள்ளிவிட்ட ஆள் மேலே வந்ததும் இழுக்கிற மாதிரி, வாயைத் திறந்து மூச்சை உள்ளே இழுத்தாள். எல்லோரும் பேசிக்கொண்டிருந்ததால் அது டில்லிராணிக்கு மட்டும்தான் கேட்டது. அதன் பிறகு ஹேமாவும் எல்லோரையும் போல மூச்சு வாங்கி மூச்சு விட்டுத்தான் மாடி ஏறினாள், மூன்றாவது மாடியில் நின்றாள்கூட.

திங்கட்கிழமை காலையில் பஸ் ஸ்டாப்பில் இரண்டு பேரும் நின்றார்கள். காற்று திரும்பவில்லை, சாம்பல் விழுந்துகொண்டுதான் இருந்தது, இழுக்கிறவர்களுக்கு இழுத்துக்கொண்டுதான் இருந்தது. மூச்சு வாங்குகிற பெண் கம்பெனிக்காரர்களுக்கு எதற்கு, பத்தோடு பதினொன்று என்று அனுப்பிவிட்டால் என்ன செய்வாய் என்று டில்லிராணி கேட்டாள். ஹேமா ரோட்டைப் பார்த்துக்கொண்டே வேறொன்றைக் கேட்டாள்.

"எப்பலேர்ந்தும்மா நெனைச்சுக்கினு இருந்த?"

"மொத நாள்லேர்ந்து."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருந்தா அன்னிக்கே நிறுத்திருப்பேனே."

"தெரியும்" என்றாள் டில்லிராணி. "அதான் சொல்லல."

பஸ் வந்து நின்றது. ஹேமா உடனே ஏறவில்லை. கண்டக்டர் இரண்டு தடவை விசில் கொடுத்த பிறகுதான் ஏறினாள்.